யூதர்களை ஒளித்து வைத்த வீடுகள்: நாவலில் படித்ததும் நேரில் பார்த்ததும்

ஆம்ஸ்டெல்வீனிலிருந்து:

நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியில் இருந்த 1940–45 காலத்தை வைத்து எழுதிய சரித்திர நாவல்களை இந்த வருடம் வரிசையாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு பரண், ஒரு ரகசியக் கதவு, நடுராத்திரியில் பூட்ஸ் சத்தம். படித்த சூட்டோடு, யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கோரி டென் பூம் என்ற பெண்மணியின் வீட்டுக்கு, ஹார்லெம் நகருக்குப் போனேன். நாவல்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற விஷயம் அங்கேதான் பிடிபட்டது: சாப்பாடு.

டென் பூம் குடும்பத்துக்குக் கடிகாரக் கடை. கீழே கடை, மேலே வீடு. அப்பா காஸ்பருக்கு எண்பதைத் தாண்டிய வயது. கோரி, பெட்ஸி இருவரும் கல்யாணம் ஆகாமல் அவரோடு இருந்த மகள்கள். ஒளிந்திருப்பவருக்கு ரேஷன் அட்டை கிடையாது. அட்டை இல்லாமல் ரொட்டிகூட வாங்க முடியாது. ஒருவரை வீட்டில் சேர்ப்பதென்றால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், இல்லாத ஓர் ஆளுக்குச் சோறு போட வேண்டும். உணவு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் போய்க் கோரி 100 அட்டைகள் கேட்டார். அலுவலகத்தில் கொள்ளை நடந்தது போல நாடகமாடித்தான் அவரால் அவற்றை வெளியே கொண்டுவர முடிந்தது.

ஒளிவிடம் மேல்மாடியில், கோரியின் படுக்கையறையில் எழுப்பிய போலிச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. தட்டிப் பார்த்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பலகையை விட்டுவிட்டுச் செங்கல்லாலேயே கட்டினார்கள். துணி அலமாரியின் அடித்தட்டு வழியாகத் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். பார்வையாளர்களுக்காக இப்போது சுவரில் ஒரு பகுதியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நிற்கலாம், நெருக்கிக்கொண்டு உட்காரலாம், அவ்வளவுதான். 1944 பிப்ரவரி 28 அன்று சோதனை போட்டபோது ஆறு பேர் ஏறத்தாழ இரண்டு நாள் அதற்குள் இருந்தார்கள். அந்தச் சோதனையில் அவர்கள் அகப்படவில்லை. அகப்பட்டது அடைக்கலம் கொடுத்த குடும்பம். காஸ்பர் பத்தே நாளில் சிறையில் இறந்தார், வயது 84. அந்த டிசம்பரில் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் பெட்ஸி இறந்தார். கோரி பிழைத்து வந்தார்.

வழிகாட்டி சொன்ன, ஓடி ஒளிவதற்கான ஒத்திகைதான் எனக்குள் தங்கிவிட்டது. மணி அடித்ததும் சாப்பிட்ட தட்டைக்கூட விட்டுவைக்காமல் அள்ளிக்கொண்டு, படுத்திருந்த சூடு கைக்குத் தெரியாதபடி மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மெத்தையைத் திருப்பிப் போடுவதை எழுதும் நாவலாசிரியரை நான் முழுசாக நம்புவேன். மற்றவர்களின் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து:

அக்கா, நான் தினமும் 14-ஆம் நம்பர் டிராமில் போகிற தெருவிலேயே இப்படி ஓர் இடம் இருக்கிறது. பிளான்டாஜ் மிடன்லானில் ஒரு நாடக அரங்கு. பிடிபட்ட யூதர்களை முகாமுக்கு அனுப்பும்வரை அதில்தான் அடைத்து வைத்தார்கள். குழந்தைகளை மட்டும் எதிர்ப்பக்கம் இருந்த காப்பகத்தில் வைத்தார்கள். அரங்கை நிர்வகித்த யூதரான வால்டர் சுஸ்கின்ட் பதிவேட்டிலிருந்து குழந்தைகளின் பெயரை எடுத்துவிடுவார். காப்பகத் தலைவி ஹென்ரியெட்டா பிமென்டலும் அங்கே வேலை பார்த்த இளம்பெண்களும், டிராம் வந்து நின்று காவலர்களின் பார்வையை மறைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். பக்கத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் யோஹன் வான் ஹுல்ஸ்ட் தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தைகளை வாங்கிக்கொள்வார். தப்பியவர்கள் சுமார் 600 பேர். பிமென்டலும் சுஸ்கின்டும் தப்பவில்லை.

பெற்றோர் சம்மதித்தால்தான் குழந்தையை வெளியே கொண்டுபோவார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் வீட்டுக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவதா, கூடவே கூட்டிப் போவதா? எனக்கு மூன்று வயதில் பெண் இருக்கிறாள். அதற்கு மேல் அந்த அறிவிப்புப் பலகையைப் படிக்க முடியவில்லை. இந்தத் தாய்மாரை வைத்து யாராவது ஒரு முழு நாவல் எழுத வேண்டும்.

குரோனிங்கனிலிருந்து:

எங்கள் பக்கம் வந்தால் ட்ரென்டே மாநிலத்தில் நியூலாண்டே என்ற சின்ன ஊரையும் பாருங்கள். ஒரு யூதரைப் பிடித்துக் கொடுத்தால் 7.50 கில்டர் சன்மானம் கிடைத்த நாட்டில், வீட்டுக்கு ஒருவரையாவது வைத்துக்கொள்வது என்று அந்த ஊரே முடிவெடுத்தது. எல்லார் வீட்டிலும் ஆள் இருந்தால் யாரை யார் காட்டிக்கொடுப்பது? யோஹன்னஸ் போஸ்ட் என்ற விவசாயியும் அர்னால்ட் டவ்வஸும் முன்னின்று இடம் தேடிக் கொடுத்தார்கள். 1944 ஜூலையில் போஸ்ட்டைச் சுட்டுக் கொன்றார்கள். பின்னாளில் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் ஊர் முழுவதையும் சேர்த்துக் கௌரவித்தது.

நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நாவல் படிக்கும்போது இந்த எண்ணிக்கையையும் நினைவில் வையுங்கள். கதவு திறக்காத வீடுகள்தான் அதிகம்.

ஆம்ஸ்டெல்வீனிலிருந்து:

தம்பி, அந்த இடத்தை டிராமில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், இறங்கியதில்லை. இந்த வாரமே போகிறேன். ஹார்லெம் போகிறவர்கள் கவனிக்க: வழிகாட்டியோடு சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.