மறு: 'தடுப்பூசித் தயக்கம்' இங்கே பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> இங்கிலாந்தில் மாட்டுக் காசநோயைக் கட்டுப்படுத்த பேட்ஜருக்குத் தடுப்பூசி போடுவதை விவசாயிகள் பலர் ஏற்பதில்லை. இந்த மனப்பான்மைக்கு, ஏற்கெனவே இருக்கும் 'தடுப்பூசித் தயக்கம்' என்பதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. அது கொரோனாக் காலத்தில் பரவலான சொல். ஊசி போட்டால் நமக்கு என்ன ஆகுமோ, பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது. இந்த விவசாயிக்கு அந்தப் பயம் கிடையாது. ஊசி ஏறுவது பேட்ஜருக்கு, அதாவது வளை தோண்டி வாழும், மாட்டுக்கு இந்த நோயைக் கொடுக்கக்கூடிய ஒரு காட்டு விலங்குக்கு. அவர் கேட்பதெல்லாம், இதனால் என் மாடு தப்புமா என்பதுதான்.

மாட்டுக்கே போட்டால் என்ன என்று தோன்றும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட மாடு, நோய் இல்லாவிட்டாலும் தோல் பரிசோதனையில் நோயுள்ளதுபோலக் காட்டிவிடலாம். அங்கே அந்தப் பரிசோதனையில் சிக்கிய மாடு வெட்டுக்குப் போகிறது, மந்தையை விற்கவும் நகர்த்தவும் தடை விழுகிறது. அதனால்தான் பேட்ஜர் பக்கம் போனார்கள்.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஏற்கெனவே நோய் தொற்றிய பேட்ஜரை இந்த ஊசி குணப்படுத்தாது. குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும், ஆண்டுதோறும் நிலக்கடலை வைத்துக் கூண்டில் பிடித்து ஊசி போட்டு விட வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது, எத்தனை ஆண்டு செய்வார்கள்?

அப்புறம் அரசின் கதை. குளோஸ்டர்ஷையரில் 1971-ல் ஒரு பேட்ஜரில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1998 முதல் 2005 வரை நடந்த பெரிய களச்சோதனையில் சுமார் 11,000 பேட்ஜர்களைக் கொன்றார்கள். கொல்வதால் உருப்படியான பயன் வராது என்று 2007-ல் அறிவியல் குழு சொன்னது. கொன்ற பகுதியில் மிஞ்சியவை எல்லை கலைந்து அலைந்து, சுற்றுப்புறத்துக்கு நோயைக் கொண்டுபோயின. (இதற்கு 'கலைவு விளைவு' என்று போடலாம், கூட்டம் கலைந்தது என்கிறோமே, அந்தக் கலைவு.) 2010-ல் பேட்ஜர் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. 2013-ல் சாமர்செட்டிலும் குளோஸ்டர்ஷையரிலும் மறுபடி கொல்லத் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தார்கள். இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேல் போயிருக்கின்றன. வேல்ஸில் 2012-ல் தொடங்கிய ஊசித் திட்டம், உலக அளவில் பிசிஜி தட்டுப்பாடு வந்ததால் 2015-க்குப் பிறகு நின்றது. இவ்வளவையும் பார்த்த ஒருவர் அடுத்த அறிவிப்பை எப்படி நம்புவார்? ஆய்வுகளிலும் அரசின் மேல் உள்ள அவநம்பிக்கை இதோடு பின்னிக்கிடப்பது தெரிகிறது.

ஆகவே இதற்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ஊசி வேலை செய்யும் என்பது 'பலன் நம்பிக்கை'. அதைச் செய்கிறவர்கள் ஒழுங்காக, பாதியில் விடாமல் செய்வார்கள் என்பது 'ஆள் நம்பிக்கை'. கார்ன்வாலில் விவசாயிகளே முன்னின்று நான்கு ஆண்டுகளில் 265 பேட்ஜர்களுக்கு ஊசி போட்டார்கள். தொற்று காட்டியவை 16 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தன, பங்கேற்ற விவசாயிகளுக்கும் திருப்தி. அதே மருந்துதான், ஆள் மட்டும் வேறு. இது பேட்ஜர் கணக்கு என்பதை மறக்கக்கூடாது. மாட்டில் நோய் குறைந்ததா என்பது தனிக் கேள்வி, பலன் நம்பிக்கை இழுபறியில் நிற்பதும் அதனால்தான்.

> 'ஆள் நம்பிக்கை' பேச்சுவழக்காக இருக்கிறது. 'நிறுவன நம்பகம்' என்றால் என்ன?

நம்பகம் நிறுவனத்தின் தன்மை. நாம் பேசுவது விவசாயியின் மனதில் இருப்பது. மேலும், கார்ன்வாலில் அவர் நம்பியது நிறுவனத்தை மட்டுமா? பக்கத்துப் பண்ணைக்காரரும் ஊசி போட வீட்டு வாசலுக்கு வந்தவரும் அதில் சேர்த்திதானே. பேச்சுவழக்காக இருந்தால் இருக்கட்டும், படித்ததும் புரிகிறது.

கொல்வதைக் குறிக்க 'களையெடுப்பு' என்று எழுதியிருந்தீர்கள். அதை ஏற்க முடியவில்லை. பேட்ஜரைக் களை என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 'கொன்றுகுறைப்பு' எனக்குத் தோன்றியது. ஒலி கரடுமுரடுதான், இதைவிட நல்லது யாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள்.