‘பணிப்பு ஓமோன்’: அரைப்பக்கத்துக்கு ஒரு சொல்

கிளிநொச்சியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

தைரொயிட் வருத்தக்காரருக்காக நாங்கள் எழுதும் துண்டுப்பிரசுரம் நாலு பக்கம். மூன்றரைப் பக்கம் முடிந்துவிட்டது. மிச்ச அரைப்பக்கம் ரீ.எஸ்.எச் (TSH) என்ற ஓமோனுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது.

கதை இதுதான். கிளினிக்குக்கு வழமையாக வரும் ஒரு அம்மாவுக்குத் தைரொயிட் குறைவு. தினமும் தைரொட்சின் குளிசை போடுகிறவர். இரத்தம் சோதித்த துண்டில் ரீ.எஸ்.எச் 38 என்று வந்திருந்தது. வழமையில் அது 4 அளவைத் தாண்டாது. மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். துண்டை வாங்கிப் பார்த்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள்: “தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன் கூடிப்போச்சு, அம்மா.” பாடப்புத்தகத்தில் உள்ள சொல், எழுத்துக்கூடப் பிழையில்லை. கூடிவிட்டது என்றால் குறைக்கத்தானே வேண்டும்? அம்மா குளிசையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்துவிட்டார். அடுத்த துண்டில் எண் இன்னும் மேலே. “நான் குறைக்கக் குறைக்க இது ஏன் பிள்ளை ஏறுது?” என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல என்னிடம் தமிழ் இருக்கவில்லை.

முதலில் ‘ஓமோன்’ என்ற சொல்லையே தமிழாக்கினால் என்ன என்று யோசித்தோம். தமிழ்நாட்டு நூல்களில் ‘இயக்குநீர்’ என்று ஒரு சொல் உண்டு. அழகான சொல். முதல் வரைவில் அதைத்தான் போட்டிருந்தேன். “உங்களுக்கு இயக்குநீர் குறைவு” என்று வாசித்துக் காட்டினால், ஒரு ஐயா அடுத்த தவணைக்கு வந்து, “நீங்கள் சொன்னபடி இப்ப நாளுக்கு நாலு போத்தல் தண்ணி குடிக்கிறன்” என்கிறார். நீர் குறைவு என்றால் இந்தக் காய்ந்த மண்ணில் வேறு என்ன விளங்கும்? அதோடு ‘இயக்கம்’ என்ற சொல்லுக்கு வன்னியில் பல பத்தாண்டுகளாக ஒரே பொருள்தான். அதையும் யோசிக்க வேண்டியிருந்தது. ஆக, ஓமோன் ஓமோனாகவே இருக்கட்டும்.

அந்தச் சொல்லும் ஒன்றும் பழையதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். இதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை அவர் விட்டுப்போயிருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு ஆதங்கம். ஆனால் அவர் 1884இல் இறந்துவிட்டார். இலண்டனில் பேலிஸ், ஸ்ராலிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதில் அமிலத்தை விட்டபோதும் சதையி (கணையம்) சுரக்கிறது என்று கண்டது 1902இல். நரம்பு இல்லை, அப்படியென்றால் செய்தி இரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும். அப்படிப் போகும் பொருளுக்கு ‘உசுப்பிவிடு’ என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து ஸ்ராலிங் பெயர் வைத்தது 1905இல். கிறீனைக் குறைசொல்ல வழியில்லை.

சரி, என்னுடைய சிக்கலுக்கு வருகிறேன். ரீ.எஸ்.எச் தைரொயிட்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில், எலும்புக் குழியொன்றுக்குள் பட்டாணிக்கடலை அளவில் இருக்கும் கபச்சுரப்பியில் (pituitary) சுரக்கிறது. தைரொயிட் சுரக்கும் தைரொட்சின் இரத்தத்தில் குறைந்தால் கபச்சுரப்பி கூடுதலாக ரீ.எஸ்.எச்சை அனுப்பி, “வேலை செய், வேலை செய்” என்று தைரொயிட்டை நெருக்கும். தைரொட்சின் போதுமான அளவுக்கு வந்ததும் அடங்கிவிடும். ஆகவே 38 என்பது தைரொயிட்டின் பலம் அல்ல, தைரொயிட்டைப் பற்றிய முறைப்பாடு. ‘தூண்டும் ஓமோன்’ என்ற பெயரில் அந்த முறைப்பாடு கேட்கவில்லை. தைரொயிட் என்ற சொல் முன்னால் நிற்பதால் ஏதோ தைரொயிட்டே கூடிவிட்டதாகத்தான் காதில் விழுகிறது.

என் முன்மொழிவு: பணிப்பு ஓமோன்.

பணித்தல் என்றால் கட்டளையிடுதல். இலங்கைத் தமிழில் பணிப்பாளர் யார் என்று தெரியாத ஆளில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு பணிப்பாளர், திணைக்களத்துக்கு ஒரு பணிப்பாளர். கீழே வேலை நடக்காவிட்டால் பணிப்பாளரிடமிருந்து கடிதம் வரும். பிறகு நினைவூட்டற் கடிதம். பிறகு கடும் நினைவூட்டற் கடிதம். ரீ.எஸ்.எச் 38 என்றால் 38 கடிதம் வந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிசையைப் பாதியாக்கினால் கடிதம் கூடுமா, குறையுமா?

உங்கள் கருத்தை எழுதுங்கள். அரைப்பக்கம் காத்திருக்கிறது.

சென்னையிலிருந்து

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் ‘பணிப்பு’ என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது விமானப் பணிப்பெண். டைரக்டருக்கு எங்கள் ஊரில் இயக்குநர். நீங்கள் தள்ளிவிட்ட இயக்குநீரும் எங்கள் இயக்குநரும் ஒரே வேர்! (உங்கள் ஐயா தண்ணீர் குடித்ததைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், நாங்களும் இங்கே யாரிடமும் வாசித்துக் காட்டிப் பார்த்ததில்லை.)

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ‘ஏவல் ஹார்மோன்’ என்று வைக்கலாமே? ஏவல் வினை என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம். ‘செய்’, ‘போ’, ‘சுர’. ஒரு சுரப்பி இன்னொன்றைப் பார்த்து ‘சுர’ என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது.

இன்னொன்று. உங்கள் பாடநூல்களில் ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’ என்கிறீர்கள், நாங்கள் ‘நாளமில்லாச் சுரப்பி’ என்கிறோம். அரைப்பக்கத்தில் எது வரப்போகிறது?

வவுனியாவிலிருந்து

நான் வைத்தியர், மொழிக்காரன் அல்ல. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்.

ஒன்று, கபச்சுரப்பியில் வருவதெல்லாம் பணிப்பு ஓமோன் என்று எழுதிவிடாதீர்கள். தைரொயிட்டுக்கு, அதிரீனல் சுரப்பியின் மேற்பட்டைக்கு, சூலகத்துக்கும் விதைக்கும் போகிறவை கட்டளைகள்தான். புரோலக்ரின் அப்படியல்ல. நேரே மார்பகத்துக்குப் போய்ப் பால் உண்டாகச் செய்கிறது. அது கடிதம் எழுதாது, தானே வேலை செய்யும்.

மற்றது, பணிப்பாளரே தூங்கிவிட்டால்? கபச்சுரப்பி பழுதானால் தைரொட்சினும் குறைவு, ரீ.எஸ்.எச்சும் கூடாது. குறைவாகவோ வழமையான அளவிலோ நிற்கும். அரிதுதான், ஆனால் உண்டு. ‘எண் ஏறினால்தான் வருத்தம்’ என்று துண்டுப்பிரசுரம் சொல்லக் கூடாது.

கிளிநொச்சியிலிருந்து

வைத்தியருக்கு நன்றி. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். உண்மையில் இரண்டாவது எச்சரிக்கை சொல்லுக்கு வலுச்சேர்க்கிறது. பணிப்பாளர் கந்தோருக்கே வராவிட்டால் கடிதமும் வராது, வேலையும் நடக்காது. இதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ‘தூண்டும் ஓமோன்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு இதை நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?

சென்னை நண்பருக்கு: இலக்கணத்தில் உங்களை வெல்ல முடியாது. ஆனால் ஏவல் இங்கே இலக்கணப் புத்தகத்தை விட்டு வெளியே போய்க் கனகாலம். ‘ஏவல், பில்லி, சூனியம்’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் ஊர் இது. காரணம் தெரியாமல் உடம்பு சோர்ந்து, முடி கொட்டி, ஆள் ஊதி வந்தால், யாரோ ஏவிவிட்டார்கள் என்று நூல் கட்டப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தச் சோர்வும் முடி கொட்டலும்தான் தைரொயிட் குறைவின் அடையாளம். அவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்து, இரத்தம் சோதித்து, “உங்களுக்கு ஏவல் கூட” என்று நாங்களே சொன்னால்?

அந்த நாளம் பற்றிய கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாளமில்லாச் சுரப்பி என்பது எனக்குப் பிடிக்காத சொல். இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெயர் வைப்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, நாளம் என்றதும் சனத்துக்கு நினைவு வருவது இரத்தநாளம். தைரொயிட்டுக்கோ இரத்த ஓட்டம் மிக அதிகம். சுரந்ததை நேரே இரத்தத்தில் கலக்கிற சுரப்பிக்கு அப்படித்தானே இருக்க வேண்டும்! அதைப் போய் நாளமில்லாதது என்கிறோம். சுரந்ததை வெளியே கொண்டுபோகும் குழாயைத்தான் அந்த ‘நாளம்’ குறிக்கிறது; இங்கே அதற்குக் ‘கான்’ என்ற சொல்லும் உண்டு. கான் என்றால் எங்களுக்குத் தெருவோரம் மழைவெள்ளம் ஓடுகிற கான். உமிழ்நீர்ச் சுரப்பிக்குக் கான் உண்டு, அது வாய்க்குள் வந்து விழுகிறது. தைரொயிட்டுக்குக் கான் இல்லை. இப்படிச் சொன்னால் விளங்குகிறது. ஆனாலும் பிள்ளைகள் பரீட்சையில் எழுதும் சொல் ‘அகஞ்சுரக்கும்’ என்பதால் அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரே துண்டுப்பிரசுரத்தில் இரண்டு சண்டை வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் கபச்சுரப்பி என்ற பெயரே ஒரு பகிடி. அந்தச் சுரப்பி சளியை மூக்குக்கு இறக்குகிறது என்று அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். இலத்தீனில் சளிக்குள்ள சொல்லை வைத்தே பெயரும் வைத்தார்கள். நம்பிக்கை பிழை என்று தெரிந்து எத்தனையோ காலம். பெயர் போகவில்லை. நாங்களும் அந்தப் பிழையைக் கவனமாகக் கபம் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். தடிமன் பிடித்தால் இந்தச் சுரப்பி வேலை செய்கிறது என்று ஒரு மாணவன் எழுதிய விடைத்தாளைப் பற்றி மல்லாவியில் படிப்பிக்கும் ஒரு நண்பர் சொன்னார். அவனுக்குப் புள்ளி குறைத்தது நியாயமா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

பணிப்பெண் விஷயம் உண்மைதான். தமிழ்நாட்டுக்கு இந்தச் சொல் ஒட்டாமல் போகலாம். ‘கட்டளை ஹார்மோன்’ என்று நீங்கள் வைத்துக்கொண்டாலும் எனக்குச் சண்டையில்லை. தூண்டுதல் போய்க் கட்டளை வந்தால் போதும். மருந்தைத் தொடங்கி அல்லது அளவை மாற்றி ஆறு தொடக்கம் எட்டு கிழமைக்குப் பிறகே ஏன் திரும்ப இரத்தம் எடுக்கிறோம் என்பதையும் இதே சொல்லை வைத்து எழுதிவிட்டேன். தைரொட்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். அது நிலைப்பட்டு, அதைப் பார்த்துக் கபச்சுரப்பி அடங்க இன்னும் நாள் வேண்டும். பணிப்பாளர் மேசையில் கோப்பு எப்போது வேகமாக நகர்ந்தது?

சலரோகப் பிரசுரத்திலும் இதைப் போடலாமா என்று புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம். இன்சுலினுக்கு மேலே இப்படியொரு பணிப்பாளர் இல்லை. இரத்தத்தில் சீனி ஏறுவதைச் சதையியில் உள்ள சிறுதீவுகள் தாங்களே பார்த்துச் சுரக்கின்றன.

கிளிநொச்சியிலிருந்து, நாலு நாள் கழித்து

அரைப்பக்கத்தை எழுதி, இன்று கிளினிக்கில் காத்திருந்த மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன். “பணிப்பு ஓமோன் ஏறியிருந்தால் குளிசையை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

முதலாமவர், “வைத்தியரிடம் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டன்” என்றார். அதைவிட நல்ல பதில் கிடையாது. இரண்டாவது ஆள், குளிசையை உடைத்த அதே அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப கழுத்தில இருக்கிறவர் வேலை செய்யேல்லை, மேல இருக்கிறவர் கத்துறார். குளிசையைக் குறைச்சால் இன்னும் கத்துவார்” என்றார். அந்த வசனத்தை அப்படியே பிரசுரத்தில் போடட்டுமா என்று கேட்டேன். பெயர் போடாவிட்டால் சரி என்றார். போட்டுவிட்டேன்.

மூன்றாமவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பணிப்பாளர் எந்த நாளில் ஆக்களைச் சந்திக்கிறவர்?” என்று கேட்டார். அவருக்காக ஒரு படம் கீறவேண்டும். தலையும் கழுத்தும், இடையில் ஒரு அம்புக்குறி. கீறத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.