பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குக் காலை ஏழரை மணி ஸ்பெஷல் கிளாஸ் தேவையா?

காட்பாடி அம்மா:
என் பையன் தனியார் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறான். 6.20-க்கு வேன் தெருமுனைக்கு வந்துவிடும். ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், அப்புறம்தான் பெல். ஷூ லேஸ் கட்டும்போதே கண் சொருகுகிறது. வேனில் சாப்பிடக் கொடுத்த இட்லி பாதி அப்படியே திரும்பி வருகிறது. வளர்பிள்ளைகளுக்கு 8.30-க்கு முன் பள்ளி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் 2022 முதல் மேல்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமே. நம் பிள்ளைகளுக்கு மட்டும் தூக்கம் வேண்டாமா?

சத்துவாச்சாரி தாத்தா:
எல்லாம் செல்போன் செய்கிற வேலை. ராத்திரி ஒன்பதரைக்குப் போனை வாங்கி வையுங்கள், ஐந்து மணிக்குத் தானே எழுந்துவிடுவான். விடியற்காலையில் படிப்பது மனதில் நிற்கும். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

பாகாயம் நர்ஸ்:
ஐயா, போன் கெடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் போனை வாங்கி வைத்தாலும் அந்த வயதில் தூக்கம் சீக்கிரம் வராது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் பருவ வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளித்தான் சுரக்கும். அவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பதினோரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் கணக்கு எங்கே வருகிறது? சியாட்டில் நகரில் 2016-ல் பள்ளியை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் இன்னும் லேட்டாகப் படுப்பார்கள் என்றுதான் அங்கேயும் பேசினார்கள். அளந்து பார்த்தால் தினமும் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள்.

அணைக்கட்டு வாத்தியார்:
மேடம், அது வேறு ஊர். எங்கள் அரசுப் பள்ளியில் பெல் அடிப்பதே ஒன்பது மணிக்கு மேல். ஸ்பெஷல் கிளாஸ் மட்டும்தான் சீக்கிரம். அதை எடுத்துவிட்டால் மாலைக்குத்தான் போகும். ஒடுகத்தூர் பக்கத்துப் பெண் பிள்ளைகள் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். மார்ச் மாத வேலூர் வெயிலில், நாலு மணிக்கு மேல்மாடி வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், சுவரே கொதிக்கும். என் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, டியூஷனுக்குக் காசும் இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

ராணிப்பேட்டை ஷிப்ட்:
நானும் மனைவியும் தோல் கம்பெனியில் வேலை. ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். பிள்ளை எங்களுக்கு முன்னே பள்ளிக்குப் போய்விட்டால் நிம்மதி.

காட்பாடி அம்மா:
வாத்தியார் சார், உங்கள் பள்ளியைப் பற்றி நான் பேசவில்லை. தனியார் பள்ளி வேன் இரண்டு டிரிப் அடிக்கிறது. முதல் டிரிப்பில் பெரிய பிள்ளைகள், இரண்டாவதில் சின்னவர்கள். இதை மாற்றினால் என்ன? என் சின்னவள் மூன்றாவது படிக்கிறாள், யாரும் எழுப்பாமலே ஆறு மணிக்கு எழுந்து விளையாடுகிறாள். சியாட்டிலில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை முன்னே தள்ளித்தான் பெரியவர்களுக்கு நேரம் கொடுத்தார்கள். இன்னொன்று, பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியாரே எடுத்துக்கொள்கிறார். அதற்கு மேலும் எதற்குக் காலையில் ஒரு மணி நேரம்?

அணைக்கட்டு வாத்தியார்:
வேன் டிரிப்பை மாற்றுவது சரியான யோசனை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவதும் தப்புதான். ஆனால் எங்கள் பள்ளி ஸ்பெஷல் கிளாஸை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாகாயம் நர்ஸ்:
விட வேண்டாம் சார். ஆனால் தினமும் வேண்டுமா? வாரத்தில் மூன்று நாள், அதுவும் பாஸ் மார்க் வாங்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தால் போதாதா?

அணைக்கட்டு வாத்தியார்:
மூன்று நாள் சரி. ஆனால் ஆளைப் பிரிக்க மாட்டேன். பெயரைச் சொல்லி வரச்சொன்னால், மறுநாளே மக்குப் பசங்க கிளாஸ் என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.