கோடைக்கால டயரும் நாமும்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவம்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் ஏ8 சாலையில் மெர்க்லிங்கன் வெளிவழிக்கு வரும்போதெல்லாம் என் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிடுகிறது.

அன்று அக்டோபர் கடைசி ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். குளிர்கால டயர் மாற்ற எனக்குக் கிடைத்திருந்த நாள் அடுத்த வியாழக்கிழமை. நான்கு நாள்தானே என்று, 225/40 ஆர்18 அளவுள்ள (225 மில்லிமீட்டர் அகலம், அதில் 40 விழுக்காடு பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம்) கோடைக்கால டயர்களுடனேயே புறப்பட்டேன். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம், 6 மில்லிமீட்டர் இருந்தது, காற்று சரியாக இருந்தது, சாலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் 7 டிகிரி காட்டிய கார், ஆல்ப் மேட்டில் ஏறி முடித்தபோது 1 டிகிரி காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

வெளிவழியின் வளைவில், நூறு முறை போன அதே வேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கையில் எப்போதும் தெரியும் எதிர்ப்பு இல்லாமற்போனது. தண்ணீர் வற்றிய அடிபம்பின் கைப்பிடி எப்படி வெறுமனே இறங்குமோ, அப்படி ஸ்டீயரிங் கனமின்றிச் சுழன்றது. கார் நேராகவே போனது. வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி அமைப்பின் விளக்கு துடித்தது, ஏதோ ஒரு சக்கரம் பிடித்தது, வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தபோது பம்பருக்கும் தடுப்புக் கம்பிக்கும் இடையே இரண்டு சாண் இடைவெளி இருந்தது. பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த மகள் விழித்து, "வந்துட்டோமாப்பா?" என்று கேட்டாள்.

ஜெர்மனியில் சாலையில் பனியோ, உறைந்த நீரோ, உறைபனியோ இருந்தால்தான் குளிர்கால டயர் கட்டாயம். மீறினால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஒரு புள்ளியும் விழும். அன்று இவற்றில் எதுவும் இல்லாததால் நான் எந்த விதியையும் மீறியிருக்கவில்லை. விதிக்குள் இருக்கிறோம் என்பதாலேயே ஆபத்தில்லை என்று நான் நம்பியிருந்தது இன்றும் உறுத்துகிறது.

ரொறன்ரோவிலிருந்து

நீங்கள் ஓடும்போது கண்டதை நான் வண்டியை ஓட்டாமலே கண்டேன். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முற்றத்தில், கோடைக்கால ரயர்களோடு இரண்டாவது காரைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்தோம். ஓட்டப்போவதில்லை என்பதால் ரயர் மாற்றும் செலவு வேண்டாம் என்பது என் கணக்கு. சனவரியில் ஒரு நாள், வெளியே −18 பாகை இருந்தபோது, பனி வழிப்பதற்காக அதை ஒரு கார் நீளம் பின்னால் எடுத்து, வழித்து முடிந்ததும் மீண்டும் முன்னால் விட்டேன். அவ்வளவுதான்.

ஏப்ரலில் கழுவும்போதுதான் கண்டேன். பின் ரயர் இரண்டிலும், பட்டன்களுக்கு நடுவே, சவர அலகால் கீறியதுபோல் குறுக்கே நேரான வெடிப்புகள். விரல் நகத்தை உள்ளே விட்டால் நகத்தின் வெள்ளைப் பகுதி முழுதும் மறைந்தது. அந்த ரயர்கள் 4,000 கிலோமீற்றர்கூட ஓடியிருக்கவில்லை. வாங்கிய கடையில் காட்டியபோது, இது உத்தரவாதத்தில் சேராது என்று சொல்லி, விற்பனைத் தாளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். −7 பாகைக்குக் கீழே இந்த வகை ரயர்களை உருட்டவே கூடாது. அந்தக் குளிரில் இருந்துவிட்டால், மறுபடியும் உருட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். இதை வாங்கும்போது வாயால் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அல்லவா? கனடாவில், சனவரியில் என்ன நடக்கும் என்று தெரியாத கடையா அது?

கோயம்புத்தூரிலிருந்து

ஸ்டுட்கார்ட் நண்பர் டயரைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விடியற்காலையில் வெளிவழியில் நூறு முறை போன வேகத்திலேயே போனேன் என்று அவரே எழுதுகிறார். அது ஓட்டியவரின் கணிப்பு, டயரின் தவறு அல்ல.

எங்கள் ஊரில் குளிர் என்ற பேச்சே இல்லை. செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதே வகை டயர்களோடு ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் சுற்றில், மூன்றாவது சுற்றுக்குப் பிறகு டயர் சூடேறியதும் தார்ச்சாலையை அப்படியே கவ்விக்கொண்டது. எனக்கு நேர்ந்த துன்பம் வேறு. என் செடானுக்கு நிறுவனம் கொடுத்தது 205/55 ஆர்16. அழகுக்காகவும் பிடிமானத்துக்காகவும் 225/40 ஆர்18-க்கு மாறினேன். பழைய டயரின் பக்கச்சுவர் சுமார் 113 மில்லிமீட்டர் உயரம், புதியதில் 90 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு விரல் பருமன்தானே குறைகிறது என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில், பாலக்காடு சாலையில், தண்ணீர் நிரம்பிய குழி ஒன்று தரையோடு தரையாகத் தெரிந்தது. "டங்" என்று ரிம்மில் இரும்பு அடித்த ஒலி கேட்டது. வண்டி ஒன்றும் ஆகாததுபோல் ஓடியதால் வீடு வரை வந்துவிட்டேன். காலையில் பார்த்தால் முன் இடது டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. உள்ளே இழை அறுந்து, வெறும் ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த டயரோடுதான் முந்தைய இரவு நாற்பது கிலோமீட்டர், என் தாயாரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, எண்பதில் வந்திருக்கிறேன். இந்தியச் சாலைகளுக்கு இந்த டயர்கள் தேவையில்லை. குளிர்நாட்டில் இருப்பவர்கள் எல்லாப் பருவத்துக்குமான டயரைப் போட்டுக்கொண்டால் மேலே எழுதிய இரண்டு தொல்லையும் இல்லை.

சூரிச்சிலிருந்து

கோயம்புத்தூர் நண்பருக்கு மதிப்போடு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டுட்கார்ட்காரர் வேகத்தைக் கூட்டவில்லை, பிடிமானம்தான் குறைந்துவிட்டது. சாலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. ரப்பர் நெகிழ்ந்து அவற்றுக்குள் இறங்கிக்கொள்வதால்தான் பிடிமானம் கிடைக்கிறது. செட்டிப்பாளையத்தில் நீங்கள் சூடேற்றி அனுபவித்த அதே ரப்பர், வெயிலில் உருகிவிடாமல் நிற்கும்படி கலக்கப்பட்டிருப்பதால், 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைத்து, அந்தப் பள்ளங்களுக்குள் இறங்காமல் மேலாக வழுக்கிச் செல்கிறது. பனி பெய்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

என் அனுபவம் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செல்லும் கோட்ஹார்டு சுரங்கப்பாதையில். ஏப்ரல் நடுப்பகுதி, ஈஸ்டர் முடிந்து லுகானோவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தெற்கே மரங்களெல்லாம் பூத்திருந்தன, கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தோம், 19 டிகிரி. ஊரில் எல்லோரையும்போல நானும் ஈஸ்டருக்கு முன் கோடைக்கால டயர் மாட்டியிருந்தேன். ஐரோலோவில் உள்ளே நுழைந்தோம். 16.9 கிலோமீட்டர் சுரங்கம்; உள்ளே வெக்கையாக இருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். கோஷனன் வாயில் வெள்ளை வட்டமாகத் தெரிந்தபோது, வெளியே வெயில் பளிச்சென்று அடிக்கிறது என்றே நினைத்தேன். பனி. சாலை முழுவதும் அரைத்த மாவுபோல் குழைந்த பனி, அதன்மேல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. பிரேக்கைத் தொட்டால் போயிற்று என்று தெரிந்தது. காலை எடுத்துவிட்டு, கியரைக் குறைத்து, முன்னே போன லாரியின் தடத்திலேயே மூச்சுவிடாமல் உருண்டு, முதல் வெளிவழியில் ஒதுங்கினேன். மாலைவரை கோஷனனில் காத்திருந்தோம். அந்த வெள்ளை வட்டத்தை வெயில் என்று நான் நினைத்த அந்த இரண்டு நொடி இப்போதும் கனவில் வருகிறது.

ஃபிராங்போட்டிலிருந்து

எல்லோரும் இந்த ரயர்களால் பட்ட துன்பத்தையே எழுதுவதால், அவை எங்களைக் காத்த நாளையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதம், ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தேருக்காக இரண்டு கார்களில் போனோம். முன்னால் நான் கோடைக்கால ரயர்களோடு, பின்னால் என் தம்பி, கோயம்புத்தூர் அண்ணா பரிந்துரைக்கும் எல்லாப் பருவ ரயர்களோடு. ஏ45 சாலையின் மலைப்பகுதியில் ஓர் இறக்கம். இடிமழை திடீரெனக் கொட்டத் தொடங்கியது. மணிக்கு 100 கிலோமீற்றரில் ஒரு வளைவைத் தாண்டியதும், அசையாமல் நிற்கும் வாகன வரிசையின் கடைசிப் பாரவண்டி கண்முன்னே. பிரேக்கை முழுக்க மிதித்தேன். பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிர்ந்தது, பட்டுச்சேலை மடிப்போடு மாலைக்கூடை முன்னால் சரிந்து விழுந்தது, ஆனால் கார் கோடு கீறியதுபோல் நேராக நின்றது. பாரவண்டியின் இலக்கத் தகட்டில் ஒட்டியிருந்த சேற்றைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. தம்பியும் என்னோடேதான் பிரேக் போட்டிருந்தான். அவனால் எனக்குப் பின்னால் நிறுத்த முடியவில்லை. ஓரப் பாதைக்குத் திருப்பி, என்னைத் தாண்டி, பாரவண்டியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஓரப் பாதை காலியாக இருந்ததால் அவன் இன்று இருக்கிறான்.

ஆகவே எல்லாப் பருவ ரயரைப் போட்டால் தொல்லையில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், அண்ணா.

சென்னையிலிருந்து

என் அனுபவம் சிறியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே மழையில், பட்டன் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்த முன் டயர்கள் தண்ணீரின்மேல் மிதந்து, ஒரு நொடி கார் பக்கத்து வரிசைக்குள் போய்விட்டது. பலர் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்கிறார்கள். மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மேலே யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு 10 டிகிரி குளிர்ச்சிக்கும் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார், நம் கணக்கில் ஒன்றரை பிஎஸ்ஐ, குறைகிறது. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு பெட்ரோல் பங்கில் 33 காற்று வைத்துவிட்டுப் போகிறவர், மறுநாள் காலையில் 33-இல் ஓட்டுவதில்லை. காலையில், வண்டி எடுக்கும் முன், சொந்த அளவுமானியால் பார்க்க வேண்டும். பக்கச்சுவர் குட்டையான டயரில் காற்றுக் குறைவது பார்வைக்குத் தெரியாது. சாதாரண டயர்போல் அடியில் பிதுங்கிக் காட்டாது. கோயம்புத்தூர் நண்பரின் டயரிலும் அன்று காற்றுக் குறைந்திருந்தால், குழியின் விளிம்பு பக்கச்சுவரை ரிம்மோடு சேர்த்து நசுக்குவது இன்னும் எளிதாகியிருக்கும். அதோடு, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். புதியது என்று விற்கப்படும் டயர் கிடங்கில் நான்கு ஆண்டுகள் கிடந்ததாக இருக்கலாம். மாற்றும்போது நான்கையும் மாற்ற முடியாவிட்டால், எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் வண்டியாக இருந்தாலும், பட்டன் அதிகமுள்ள இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் வேகம் குறைந்ததும் திரும்பப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

சென்னை நண்பர் எழுதியதைப் படித்ததும் போய், காரில் வைத்திருக்கும் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு கடைசியாகக் காற்று வைத்தது செப்டம்பர் 4, பிற்பகல். அன்று வெளியே 27 டிகிரி என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. 2.5 பார் வைத்திருக்கிறேன். 27-இலிருந்து 1 டிகிரிக்கு என்றால் அன்று காலை மெர்க்லிங்கனில் ஏறத்தாழ 2.25 தான் இருந்திருக்கும். காற்று சரியாக இருந்தது என்று மேலே எழுதியிருந்தேன். அது சரியில்லை.