டேங்க் நிரப்பினா வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, மைலேஜும் போச்சு

2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.0 லிட்டர், மேனுவல் கியர், 62,000 கி.மீ. ஓடியிருக்கு. தினமும் மதுரை–திருமங்கலம் போய் வர்றேன்.

ரெண்டு மாசமா இதே தொல்லை. பங்க்கில் டேங்க் நிரப்பிட்டு சாவியைத் திருப்பினா செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலை. ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக்கிட்டே நாலஞ்சு தடவை அடிச்சா இருமிக்கிட்டு எழுந்திருக்கும். பெட்ரோல் வாடை வேற. பின்னாடி நிக்கிறவங்க ஹாரன் தனி. மத்த நேரத்துல ஒரே அடியில் ஸ்டார்ட்.

மைலேஜ் 18-லிருந்து 14. மீட்டர் காட்டுறதை நம்பலை, டேங்க் டு டேங்க் நானே போட்ட கணக்கு. இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலால் கொஞ்சம் குறையும், இவ்வளவு குறையாது. 70-க்கு மேல போறதில்லை, டயர் காத்து 33.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாத்தியாச்சு. பங்க்கையும் மாத்திப் பார்த்தேன். மெக்கானிக் சொன்னாருன்னு ஃபியூயல் பம்ப்பும் புதுசு. பலனில்லை. செக் இன்ஜின் லைட் எரியலை.

ஒரு தப்பு என்மேல. நாசில் தானா கட் ஆன பிறகும், ரவுண்டா வரட்டும்னு இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தச் சொல்வேன். பல வருஷப் பழக்கம். ஆவியைப் பிடிக்கிற கேனிஸ்டருக்குள்ள பெட்ரோலே இறங்கியிருக்கும்னு சந்தேகம்.

கேனிஸ்டர் போச்சா, அந்த ஆவியை இன்ஜினுக்குள்ள விடுற பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கிச்சான்னு காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிச்சுப் பார்க்கிறது?