ரிகியா பிலாட்டஸா? ஒருநாள் ட்ரிப்புக்கு எந்த டிக்கெட் லாபம்?

வணக்கம் மக்களே, அடுத்த மாசம் அப்பா அம்மா சூரிக் வர்றாங்க, ஒருநாள் மலை ரயில்ல கூட்டிட்டு போலாம்னு பாத்தா யுங்ஃப்ராயோக் டிக்கெட் விலையிலயே தலை சுத்துது, அதான் லூசர்ன் பக்கமே இருக்குற ரிகி மலை இல்லன்னா பிலாட்டஸ் மலைன்னு யோசிக்கிறேன். எங்கிட்ட பாதி விலைக்கு டிக்கெட் எடுக்குற ஹாஃப் ஃபேர் கார்டு இருக்கு, பிரச்சனையே அவங்க ரெண்டு பேருக்கும்தான். டூரிஸ்டுங்களுக்கான சுவிஸ் டிராவல் பாஸ்ல ரிகி முழுசா ஃப்ரீ, பிலாட்டஸ் பாதி விலை, ஆனா அது குறைஞ்சது 3 நாளைக்கு எடுக்கணும், ஒருநாளுக்கு அது வேஸ்ட். ஒருநாள் முழுக்க சுத்துறதுக்கான சேவர் டே பாஸ் முன்னாடியே புக் பண்ணா சீப்பா கிடைக்குது சரி, அது மலை ரயில் கிளம்புற ஃபிட்ஸ்னாவ்ல இருந்து மேல கடைசி ஸ்டேஷன் ரிகி குல்ம் வரைக்கும் செல்லுமா, இல்ல மேல போக தனியா எடுக்கணுமா? யாராவது சமீபத்துல போயிருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

அப்பா ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு, ஊட்டி ரயிலோட பழைய ஸ்டீம் இன்ஜினெல்லாம் இங்க வின்டர்தூர்ல செஞ்சதுன்னு இப்பவே போன்ல கிளாஸ் எடுக்குறாரு, 48 சதவீத சரிவுல ஏறுற பிலாட்டஸ்தான் வேணுமாம். அம்மாவுக்கு முட்டி வலி, அவங்களுக்கு லூசர்ன்ல இருந்து படகுல போய் 1871ல ஓட ஆரம்பிச்ச ரிகி ரயில் ஏறுறதுதான் சரிப்படும்னு எனக்கு தோணுது. ரிகி குல்ம் ஸ்டேஷன்ல இறங்கி உச்சிக்கு நடக்குற பாதை ரொம்ப ஏத்தமா? பெஞ்ச் இருக்கா? மேல சாப்பாடு விலைக்கு பயந்து புளிசாதம் கட்டிட்டு போறோம், உக்காந்து சாப்பிட நல்ல இடம் இருந்தா அதையும் சொல்லுங்க.