வேற்று நாட்டவர் பெயர்கள்: நீங்கள் சந்தித்தவை, கேட்டுத் தெரிந்துகொண்டவை

பல நாட்டு ஆட்கள் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் பணியாளர் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக யார் சேர்ந்தாலும் அவருடைய பாஸ்போர்ட் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அதனாலேயே பெயர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். உங்களிடமும் இப்படிச் சில அனுபவங்கள் இருக்கும், எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

ஐஸ்லாந்துக் குடும்பம் ஒன்று வந்தது. கணவன், மனைவி, மகன், மகள். நாலு பேருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறு. "இவங்க எல்லாம் ஒரே குடும்பம்னு எப்படி எடுத்துக்கிறது?" என்று காப்பீட்டுப் பிரிவில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா என் எதிரே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மகனுக்கு அப்பா பெயரோடு 'சோன்'. மகளுக்கு அதே அப்பா பெயரோடு 'டோட்டிர்'. கணவருக்கு அவருடைய அப்பா பெயர், இவருக்கு இவருடைய அப்பா பெயர். கல்யாணம் ஆனாலும் அது மாறாது. "இது குடும்பப் பேரே இல்லை. நான் யாருடைய மகள்ங்கிற தகவல், அவ்வளவுதான்" என்றார்.

நம் இனிஷியல் செய்கிற வேலையும் அதுதானே! என் பெயரை இனிஷியலோடு எழுதி, முன்னால் இருக்கும் எழுத்து என் அப்பா என்று காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே மகளைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. அங்கே 1991 முதல் பெயர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஏற்கெனவே பட்டியலில் இல்லாத பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டுமானால் அந்தக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் பார்ப்பவற்றில் ஒன்று, அந்தப் பெயர் ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா என்பது. பெயரையும் இலக்கணத்தையும் இப்படிச் சேர்த்துக் காக்கும் மக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதைக்கூட முதல் பெயரை வைத்துத்தான் அடுக்கினார்கள். 1980-இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் அந்த நாட்டு மக்களுக்கு எப்போதும் விக்டிஸ்தான். 2019-இல் வந்த சட்டப்படி, ஆண், பெண் என்று பதிந்துகொள்ளாதவர்கள் 'சோன்', 'டோட்டிர்' இரண்டும் இல்லாமல், பிள்ளை என்று மட்டும் பொருள்படும் 'புர்' சேர்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி

எனக்கு கானா நாட்டுத் தோழி ஒருத்தி. பழகிய புதிதில் அவள் என்னிடம் கேட்டது, "நீ என்ன கிழமையில் பிறந்தாய்?" அவர்கள் அகான் மக்கள். பிள்ளை பிறந்த கிழமையே அதற்கு ஒரு பெயர். ஆண் பிள்ளை வெள்ளிக்கிழமை பிறந்தால் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8 அன்று பிறந்தார். நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் அது வெள்ளிக்கிழமை! அவருடைய முழுப்பெயரில் 'அட்டா' என்றும் வரும். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் என்று அதற்குப் பொருள், அவருடன் ஒரு சகோதரியும் பிறந்தார். முன்பின் தெரியாதவர்கூட இந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இவ்வளவும் சொல்லிவிடுவார் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

என் கிழமை எனக்கே தெரியாது. அம்மாவிடம் போன் செய்து கேட்டேன், சனிக்கிழமை என்றார். பெண்ணுக்கு அது 'அமா'. இப்போது தோழி வீட்டில் எல்லோருக்கும் நான் அமா. அவளுடைய சின்ன மகள் அடுத்த அறையிலிருந்து கூப்பிடும்போது நம் வீட்டுப் பிள்ளை அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

மறுமொழி

ஒரு சின்ன விஷயம், ஆனால் தினமும் காதில் விழுவது. அப்துர் ரஹ்மான் போன்ற பெயருள்ளவர்களை 'அப்துல்' என்று நிறுத்திவிடுகிறோம். அரபியில் அது "இன்னாருடைய அடியார்" என்பதில் அந்த இன்னாரை விட்டுவிட்ட மாதிரி. சரி, பின்பாதியை மட்டும் சொல்லலாமா என்று என்னுடன் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அது இறைவனுடைய பேர் தம்பி, என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது. முழுசா சொல்லு, இல்லேன்னா என் மகன் பேரைச் சொல்லி அபூன்னு கூப்பிடு" என்றார். மூத்த மகனின் பெயரோடு 'அபூ' சேர்த்து, இன்னாருடைய அப்பா என்று அழைப்பது அவர்களிடம் மரியாதை. அவருக்கும் அதுதான் பிடிக்கிறது.

மறுமொழி

நான் மருத்துவமனையில் செவிலியர். பிரசவ வார்டில் மங்கோலியப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அம்மாவின் பெயர் நெர்குய். பதிவேட்டில் எழுதும்போது அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். "பெயர் இல்லை" என்றாள். சொல்ல விருப்பமில்லையோ என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அவளே சிரித்துக்கொண்டு, "இல்லை, அதுதான் பொருள். நெர்குய் என்றால் பெயரில்லாதவள்" என்றாள்.

பாட்டிக்கு முதலில் பிறந்த குழந்தைகள் தங்கவில்லையாம். அடுத்ததும் போய்விடக் கூடாதே என்று, கெட்ட ஆவிகள் தேடி வந்தால் ஏமாந்து திரும்பிப் போக இந்தப் பெயர். 'எனெபிஷ்' என்றும் வைப்பார்களாம், "இது அல்ல" என்று பொருள். 'ஹுன்பிஷ்' என்றால் "மனிதர் அல்ல". குப்பைமேட்டில் போட்டெடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைத்த நம் பாட்டிகளை நினைத்துக்கொண்டேன். எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரே பயம்தான் போலிருக்கிறது. தன் குழந்தைக்கு மட்டும் அவள் நல்ல பிரகாசமான பெயராகத் தேடிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு நெர்குய் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் அவள் சொன்னாள். 1920-களில் அங்கே குலப்பெயர்களை ஒழித்துவிட்டார்கள். 1990-களில் மறுபடி வைத்துக்கொள்ளச் சொன்னபோது பலருக்குத் தங்கள் குலப்பெயரே மறந்துபோயிருந்தது. ஏராளமானோர் செங்கிஸ் கானின் குலமான போர்ஜிகினை எடுத்துக்கொண்டார்கள். 1981-இல் விண்வெளிக்குப் போன குர்ரக்சா தனக்கு வைத்துக்கொண்டது 'சன்சார்', அதாவது விண்வெளி!

மறுமொழி

நைஜீரியாவின் யொருபா மக்களிடம் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் யோசிக்க வேண்டியதே இல்லை. முதலில் வருவது தாயிவோ, அடுத்தது கெஹிண்டே. என் வகுப்பில் அப்படி ஒரு ஜோடி படித்தது. யார் மூத்தவர் என்று கேட்டேன், இருவரும் ஒரே குரலில் "கெஹிண்டே" என்றார்கள். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லித் தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு, அண்ணன் நிதானமாக வந்தாராம்.

மறுமொழி

மேலே பதிவேடு பற்றி எழுதியவருக்காக இதைச் சொல்கிறேன். ஜாவாக்காரர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். இந்தோனேசிய அதிபர்களாக இருந்த சுகர்ணோ, சுகார்த்தோ இருவருக்குமே அப்படித்தான். அப்பா பெயரும் கிடையாது, குடும்பப் பெயரும் கிடையாது. பாஸ்போர்ட்டில் இப்படி ஒற்றைப் பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. எங்களோடு சேர்ந்த ஜாவா நண்பர் ஒருவருக்கு அடையாள அட்டை, மின்னஞ்சல், கதவில் ஒட்டிய பெயர்த்தாள் எல்லாவற்றிலும் அதுவே ஏறிவிட்டது. மாதக்கணக்கில் அவரை 'ஃப்னு' என்றே கூப்பிட்டார்கள். அவர் அமைதியானவர், திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மேலாளரிடம் போய்ப் பேசினேன். இப்போது எங்கள் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு கட்டங்களும் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர் ஒரு வரி, உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அடுத்த வரி. நீங்களும் உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், மாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை.